குழந்தையின் தட்டில் எழுதப்பட்ட இறையியல்
ஸ்டாஃபோர்ட்ஷயர் சிறுவர் பீங்கானின் வரலாறு திருச்சபைக்கு எழுப்பும் ஒரு வினா

முன்னுரை

திருச்சபை வரலாற்றைக் கற்போர் பொதுவாக நாடுவன பேரவைத் தீர்மானங்களும், விசுவாச அறிக்கைகளும், இறையியலாரின் நூல்களுமே. இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எளிய மக்கள் தங்கள் சமய அறிவை எங்கிருந்து பெற்றனர் என்று கேட்போமாயின், விடை பெரும்பாலும் நூலகத்தில் கிடைப்பதில்லை. அது அடுக்களையிலும், வீட்டுச் சுவரிலும், குழந்தை உண்ட தட்டிலும் கிடக்கின்றது. அத்தகைய தட்டு ஒன்றே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாயிற்று.

பல ஆண்டுகளுக்கு முன் மேற்படிப்பிற்காக இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆயர் ஒருவரின் இல்லத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் விருந்தினனாக இருந்தேன். அவருடைய துணைவியார் பழைய சிறுவர் பீங்கான்களைச் சேகரிப்பவர். கண்ணாடி அலமாரியில் முப்பதுக்கும் மேற்பட்ட சிறு தட்டுகளும் குவளைகளும் அடுக்கப்பட்டிருந்தன. எண்கோண வடிவத் தட்டு ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். அதன் நடுவே தேன்கூட்டின் அருகில் நிற்கும் ஒரு சிறுவனின் படம். படத்தின்கீழ் ஐசக் வாட்ஸ் ஐயர் தேனீயைப்பற்றிக் குழந்தைகளுக்கு எழுதிய பாடலின் சில அடிகள். படத்தின்மேல் கரண்டி உராய்ந்த கீறல்கள் நிறைந்திருந்தன. "அந்தக் குழந்தை கஞ்சியை முழுவதும் உண்டால்தான் இதைப் படிக்க முடியும்" என்று அம்மையார் நகைத்தார். இதைச் செய்தவர் யார் என்று வினவினேன். தட்டைத் திருப்பிக் காட்டினார். பின்புறத்தில் முத்திரை எதுவும் இல்லை. பிறகு ஒரு சிறு குவளையை எடுத்தார். அதில் 'மேரிக்கு' என்று அச்சிடப்பட்டிருந்தது. "பெற்றவள் பெயர் இருக்கிறது, செய்தவன் பெயர் இல்லை" என்றார்.

அவ்வம்மையாரின் சொல் என்னைவிட்டு நீங்கவில்லை. தட்டைப் பெற்ற குழந்தைக்கு அது எதைக் கற்பித்தது? தட்டைச் செய்த கைகள் யாருடையவை? இவ்விரு வினாக்களையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் இப்பீங்கான்களின் வரலாறு நமக்குப் பாடமாகின்றது.

1. களிமண்ணும் செப்புத் தகடும்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் வட பகுதியில் டன்ஸ்டல், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்னும் ஆறு ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1910இல் இவை ஒரே நகராட்சியாக இணைக்கப்பட்டன. அங்கே நிலக்கரியும் களிமண்ணும் அருகருகே கிடைத்ததால் குயவர் தொழில் நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. 1777இல் ட்ரென்ட்-மெர்சி கால்வாய் முற்றுப்பெற்றபின், கார்ன்வாலிலிருந்து வெண்களிமண் எளிதாக வந்தது. செய்த கலங்களும் உடையாமல் துறைமுகங்களைச் சென்றடைந்தன. ஜோசையா வெட்ஜ்வுட் (1730-1795) போன்றோரின் முயற்சியால், பெருமக்களின் மேசையிலேயே காணப்பட்ட வெண்ணிறக் கலங்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கும், பின்னர் உழைப்பாளர் குடும்பங்களுக்கும் எட்டின.

சிறுவர் பீங்கானைப் பெருமளவில் தோற்றுவித்தது ஒரு தொழில்நுட்பமே. படத்தைக் கையால் தீட்டாமல், செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் அச்சிட்டு, அத்தாளைக் கலத்தின்மேல் ஒற்றியெடுக்கும் முறை அது. 1756இல் லிவர்ப்பூல் நகரில் ஜான் சாட்லர், கை கிரீன் என்னும் இருவர், ஆறு மணி நேரத்திற்குள் 1200க்கு மேற்பட்ட சுவர் ஓடுகளுக்குப் படம் அச்சிட்டதாகச் சத்தியப் பிரமாணம் செய்தனர். ஓவியன் ஒருவன் பல நாட்கள் தீட்டவேண்டியதைத் தகடு ஒரு காலைப்பொழுதில் முடித்துவிட்டது. 1780களில் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் இம்முறையை மெருகுப்பூச்சின் கீழேயே படம் அமையும்படி வளர்த்தனர்.

செய்முறையைச் சற்றே அறிந்துகொள்வது பின்னால் கூறப்போவதற்கு உதவும். செதுக்கிய செப்புத் தகட்டைச் சூடாக்கி, உலோகச் சாயமும் காய்ச்சிய எண்ணெயும் கலந்த மையை அதில் தேய்த்து, மிகுதியை வழித்துவிட்டு, நனைத்த மெல்லிய தாளை அதன்மேல் வைத்து அழுத்துவார் அச்சாளர். அத்தாளைத் தேவையான அளவிற்கு வெட்டித் தருவது ஒரு சிறுமியின் வேலை. ஒருமுறை சுடப்பட்டு இன்னும் மெருகிடப்படாத தட்டின்மேல் தாளைப் பொருத்தித் தேய்த்து, பின்னர் நீரில் கழுவித் தாளை அகற்றுவது பெண்களின் வேலை. மெருகுக் கரைசலில் தோய்த்து மறுபடியும் சூளையில் சுட்டால் கலம் முற்றுப்பெறும். சிறுவர் கலங்களில் பெரும்பாலும் கரும்பழுப்பு அல்லது கருநிறப் படத்தின்மேல் சிவப்பு, பச்சை, மஞ்சள் வண்ணங்களை அவசரமாகத் தொட்டுவைத்திருப்பர். வண்ணம் கோட்டிற்குள் நிற்காமல் வழிந்திருப்பதே இக்கலங்களின் அடையாளம் எனலாம். மலிவு விலைப் பொருளுக்கு அதற்குமேல் நேரம் ஒதுக்க இயலவில்லை.

2. தட்டு கற்பித்தவை

1790 முதல் 1890 வரை ஒரு நூற்றாண்டுக் காலம் இக்கலங்கள் ஏராளமாக வெளிவந்தன. ஸ்டாஃபோர்ட்ஷயர் மட்டுமன்றி, சண்டர்லாந்து, நியூகாசில், ஸ்வான்சி, ஸ்காட்லாந்து ஆகிய இடங்களின் சூளைகளிலும் இவை செய்யப்பட்டன. இக்காலத்தை ஆராய்ந்த நோயல் ரைலி என்பார் 1991இல் வெளியிட்ட தம் நூலுக்கு 'நல்ல குழந்தைகளுக்கான பரிசுகள்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டது மிகப் பொருத்தமே. 'நல்ல சிறுமிக்குப் பரிசு', 'என் அருமை மகனுக்கு' என்னும் வகையான சொற்கள் இக்குவளைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. 1780இல் குளஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஊக்குவித்த ஞாயிறு பள்ளி இயக்கம் நாடெங்கும் பரவிய காலமும் இதுவே. ஒழுங்காய் வந்த பிள்ளைக்குப் படமும் நூலும் பரிசாக அளிக்கும் வழக்கத்தை நாமும் அவ்வியக்கத்திலிருந்தே பெற்றோம். பரிசு, நற்குணம், கல்வி ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் இணைத்தது சிறுவர் பீங்கான்.

(அ) உழைப்பும் சிக்கனமும்

மிகுதியாகக் காணப்படும் தட்டுகளுள் ஒரு வகை, பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பழமொழிகளைத் தாங்கியவை. 1732 முதல் 1758 வரை அவர் 'ஏழை ரிச்சர்ட்' என்னும் புனைபெயரில் வெளியிட்ட பஞ்சாங்கங்களிலிருந்து இவை எடுக்கப்பட்டன. காலத்தை வீணாக்காதே, அதிகாலையில் எழு, கடன்படாதே, சோம்பலுக்கு வறுமை பின்தொடரும் என்பனவே இவற்றின் சாரம். நூற்பவளும், உழுபவனும், கொல்லனும் படங்களில் காட்சியளிக்கின்றனர். மேக்ஸ் வேபர் 1904-05ஆம் ஆண்டுகளில் புராட்டஸ்டண்டு அறநெறிக்கும் முதலாளித்துவ மனப்பான்மைக்கும் உள்ள தொடர்பை ஆய்ந்தபோது, தம் முதற்சான்றாக எடுத்துக்கொண்டதும் ஃபிராங்க்ளினின் இத்தகைய அறிவுரைகளையே என்பது மாணவர்கள் அறிந்ததே. வேபர் பல்கலைக்கழகத்தில் விளக்கியதை, அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே இங்கிலாந்தின் குழந்தைகள் கஞ்சியோடு உட்கொண்டுவிட்டனர்.

(ஆ) பக்தி

ஐசக் வாட்ஸ் (1674-1748) இயற்றிய ஞானப்பாடல்கள் தமிழாக்கத்தில் நம் ஆலயங்களிலும் பாடப்படுகின்றன. அவர் 1715இல் சிறுவர்க்கென்று வெளியிட்ட பாடல் தொகுதி ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆங்கிலக் குழந்தைகளின் மனப்பாட நூலாக விளங்கியது. அத்தொகுதியிலிருந்தும், ஆன் டெய்லர், ஜேன் டெய்லர் என்னும் சகோதரிகள் 1804 முதல் வெளியிட்ட சிறுவர் பாடல்களிலிருந்தும் தட்டுகளுக்கு வேண்டிய அடிகள் எடுக்கப்பட்டன. யோசேப்பும் அவன் சகோதரரும் பற்றிய வரலாறு ஒரு தட்டு வரிசையாகவே வெளிவந்தது. 'வாடாத மலர்கள்' என்னும் பொருள்படும் மற்றொரு வரிசையில் பக்தி, சாந்தம், மரியாதை ஆகிய நற்பண்புகள் தனித்தனித் தட்டுகளில் இடம்பெற்றன.

சண்டர்லாந்துச் சூளைகளில் சுவரில் மாட்டுவதற்கான பலகைபோன்ற பீங்கான்கள் செய்யப்பட்டன. இளஞ்சிவப்பு மின்னும் ஓரத்தின் நடுவே திருமறை வசனம் ஒன்று இருக்கும். ஆமோஸ் 4:12இலிருந்து கடவுளைச் சந்திக்க ஆயத்தமாகும்படியான எச்சரிக்கை ஒன்று; ஆதியாகமம் 16:13இலிருந்து கடவுள் என்னைக் காண்கிறார் என்னும் பொருள்படும் வாக்கு மற்றொன்று. இரண்டாவதின் மேற்புறத்தில் சிலவேளை ஒரு பெரிய கண் வரையப்பட்டிருக்கும். இவ்வசனத்தைக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

(இ) அடிமை ஒழிப்பும் மதுவிலக்கும்

இக்கலங்கள் தனிமனித ஒழுக்கத்தை மட்டுமே கற்பித்தன என்று கூறுவது நேர்மையாகாது. 1787இல் வெட்ஜ்வுட் தொழிற்சாலை, விலங்கிடப்பட்டு மண்டியிட்டிருக்கும் ஆப்பிரிக்கன் தானும் மனிதனும் சகோதரனும் அல்லவா என்று வினவும் சிறு பதக்கத்தை வெளியிட்டது. அவ்வுருவம் பின்னர் குவளைகளிலும் தட்டுகளிலும் பரவியது. அடிமை முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1834 ஆகஸ்டு முதல் நாளை நினைவுகூரும் சிறுவர் தட்டுகள் உண்டு. ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் 'டாம் மாமாவின் குடிசை' 1852இல் நூலாக வெளிவந்தபின், டாமும் சிறுமி ஈவாவும் தட்டுகளில் தோன்றினர். அயர்லாந்தில் 1838 முதல் மதுவிலக்குப் பணியாற்றிய கத்தோலிக்கக் குரு தியோபல்டு மாத்யூவின் படமும் குவளைகளில் இடம்பெற்றது.

ஈண்டு நம் நாட்டையும் தொடும் செய்தி ஒன்றுண்டு. 1791-92இல் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகள் விளைத்த சர்க்கரையைப் பல குடும்பங்கள் விலக்கின. அதன் தொடர்பாக, அடிமைகள் விளைக்காத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதப்பட்ட சர்க்கரைக் கிண்ணங்களும் பின்னர் விற்பனைக்கு வந்தன. ஆனால் 1833ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் விலக்கி வைத்தது. இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாதென்று சட்டம் வந்தது 1843இல்தான். தமிழ்நாட்டு வயல்களில் பண்ணையடிமைகள் இருந்த அதே காலத்தில், இந்தியா அடிமைகளற்ற நாடென்று கிண்ணம் பறைசாற்றியது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட வாசகமும் உண்மையை மறைக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

(ஈ) எழுத்தறிவு

தட்டின் விளிம்பில் ஆங்கில நெடுங்கணக்கு புடைத்து நிற்கும் 'ஏபிசி தட்டுகள்' பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகின. அமெரிக்காவிற்கும் ஏராளமாக ஏற்றுமதியாயின. காது கேளாத பிள்ளைகளின் கைவிரல் எழுத்துக்களைக் காட்டும் தட்டுகளும் செய்யப்பட்டன. 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்கு முன்னர் பள்ளி செல்ல வாய்ப்பற்ற பல பிள்ளைகளுக்குத் தட்டின் விளிம்பும் ஓர் அரிச்சுவடியாயிற்று எனலாம்.

3. தட்டைச் செய்த கைகள்

இனி நம் இரண்டாம் வினாவிற்கு வருவோம். 1840-41ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அரசின் சிறுவர் வேலைநிலை ஆய்வுக் குழுவின் சார்பில் சாமுவேல் ஸ்கிரிவன் என்பார் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர் ஊர்களுக்குச் சென்று, தொழிற்சாலை தோறும் சிறுவர்களை நேரில் கண்டு வாக்குமூலம் பெற்றார். அவர் கண்டவற்றுள் மிகக் கொடியது 'அச்சு சுமக்கும் சிறுவரின்' நிலை.

தட்டு செய்பவர் களிமண்ணைத் தட்டையாக்கி, பாரிஸ் சாந்தினாலான அச்சின்மேல் வைத்து உருவாக்குவார். ஈரத் தட்டு ஒட்டியிருக்கும் அவ்வச்சைக் கையிலேந்தி, பக்கத்திலுள்ள உலர்த்தும் அறைக்கு ஓடி, அங்குள்ள தட்டடுக்கில் வைத்துவிட்டு, உலர்ந்த தட்டுள்ள அச்சை எடுத்துக்கொண்டு ஓடிவருவது சிறுவன் வேலை. உலர்த்தும் அறையின் வெப்பம் பாரன்ஹீட் அளவில் சுமார் 120 டிகிரி. வெளியிலோ பனிக்காலம். காலையில் எல்லாருக்கும் முன்னே வந்து அடுப்பு மூட்டுவதும், ஓய்ந்த நேரத்தில் களிமண்ணைப் பிசைந்து அடிப்பதும் அவனுக்கே உரியவை. பொருளுக்கு இவ்வளவு கூலி என்று பெறும் தட்டாளர் விரைய விரைய, சிறுவனும் ஓடியாகவேண்டும். மெருகுக் கரைசலில் கலம் தோய்க்கும் பகுதியில் வேலைசெய்த சிறுவர்களையும் பெரியவர்களையும் ஈய நஞ்சு தாக்கியது. அக்காலத்து மெருகில் ஈயம் முதன்மைப் பொருளாக இருந்ததே காரணம்.

இவர்களுள் ஒருவர் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்தது நம் பேறு. சார்ல்ஸ் ஷா என்பார் 1832இல் டன்ஸ்டலில் பிறந்தவர். ஏழு வயதில் அச்சு சுமக்கும் வேலையில் சேர்ந்தார்; வாரக் கூலி ஒரு ஷில்லிங். 1842இல் அவருடைய தந்தை வேலையிழந்தபோது குடும்பமே ஏழையர் விடுதியில் அடைக்கலம் புக நேர்ந்தது. அவ்விழிவை அவர் இறுதிவரை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவர் மெதடிஸ்டு நியூ கனெக்ஷன் சபையின் ஊழியரானார். தம் இளமை நினைவுகளை 1903இல், ஒரு பழைய குயவன் எழுதியது என்ற குறிப்புடன் நூலாக வெளியிட்டார். ஞாயிறு பள்ளி தமக்குச் செய்த நன்மையை நன்றியோடு போற்றும் அவரே, குழந்தைகளை நசுக்கிய தொழில் முறையைச் சினத்தோடு கண்டிக்கவும் செய்கிறார். இரண்டும் ஒரே உள்ளத்திலிருந்து வருகின்றன என்பதே அந்நூலின் சிறப்பு.

இப்போது இரு குழந்தைகளை அருகருகே நிறுத்திப் பார்ப்போம். ஒரு வீட்டில் 'மேரி' தன் தட்டில் தேனீயின் சுறுசுறுப்பைப் படிக்கிறாள். அந்தத் தட்டைச் சுமந்து பல நூறு முறை ஓடிய சிறுவனுக்கு எவரும் சுறுசுறுப்பைக் கற்பிக்க வேண்டியதில்லை. சோம்பலுக்கு வறுமை பின்தொடரும் என்கிறது தட்டு. ஓய்வின்றி உழைத்த அவன் வீட்டிலோ வறுமை குடியிருந்தது. நல்ல குழந்தைக்குப் பரிசு என்கிறது குவளை. அதைச் செய்த பிள்ளைக்கு அது எட்டாப் பொருள். தட்டின் மேற்புறத்தில் எழுதிய ஒழுக்கத்தை, அது செய்யப்பட்ட முறையே பொய்யாக்கிவிட்டது.

4. திருச்சபை எங்கே நின்றது?

குயவர் ஊர்களில் நற்செய்திப் பணி வலுவற்றிருந்தது என்று எவரும் கூற இயலாது. ஜான் வெஸ்லி 1760இல் பர்ஸ்லத்திற்கு வந்தார்; பின்னரும் பலமுறை வந்தார். 1781இல் அவர் அமர்ந்திருக்க, ஈனக் உட் என்னும் குயவர் அவருடைய மார்பளவுச் சிலையை வடித்தார். அவ்வட்டாரத்தின் எல்லையிலுள்ள மோ காப் குன்றில் 1807 மே 31ஆம் நாள் நடைபெற்ற திறந்தவெளி ஜெபக் கூட்டத்திலிருந்தே பிரிமிட்டிவ் மெதடிஸ்டு இயக்கம் கிளைத்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான வில்லியம் குளோவ்ஸ் தொழிலால் குயவர். ஞாயிறு பள்ளிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றனர்.

எனினும், 1842 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் கலகமாக வெடித்தபோது, ஹான்லியிலும் லாங்டனிலும் மக்கள் தீயிட்ட வீடுகளுள் ஆயர் இல்லங்களும் இருந்தன. திருப்பணி ஏற்கும் நாம் இச்செய்தியை எளிதில் கடந்துவிடக்கூடாது. வன்முறை நியாயமன்று. ஆயினும் பசித்த மக்கள் தங்கள் ஆயரை யாருடைய பக்கத்தில் கண்டனர் என்பதை அந்நெருப்பு வெளிச்சமிட்டுக் காட்டிற்று.

1830இல் ரிச்சர்டு ஓஸ்லர் என்னும் நற்செய்திப் பற்றுமிக்க ஆங்கிலிக்கன் இல்லறத்தார், செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். தூரத்து அடிமைகளுக்காக மேடையில் முழங்குவோர், தங்கள் ஊரிலேயே யார்க்ஷயர் ஆலைகளில் நசுங்கும் குழந்தைகளைக் காணவில்லையே என்பது அதன் சாரம். கடிதம் கம்பளி ஆலைகளைப்பற்றியதாயினும், அதன் வினா குயவர் ஊர்களுக்கும் பொருந்தும். 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவு ஆலைகளை மட்டுமே தழுவியது. ஸ்கிரிவனின் அறிக்கை 1843இல் வெளியானபின்னும் மட்பாண்டத் தொழிலுக்குச் சட்டம் வர 21 ஆண்டுகள் சென்றன. 1860களின் தொடக்கத்தில் நடந்த மறு ஆய்விலும், எட்டு வயது நிரம்புமுன் வேலைக்கு வந்து, காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை அச்சு சுமந்ததாக ஒரு சிறுவன் சாட்சி கூறினான். அவன் வாக்குமூலத்தைக் கார்ல் மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலில் எடுத்தாண்டுள்ளார். இறுதியாக 1864ஆம் ஆண்டுச் சட்டம், எட்டு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்து, பதின்மூன்று வயதுவரை அரைநாள் வேலையும் பள்ளிக்கல்வியும் என்று விதித்தது.

இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. 1863இல் வெட்ஜ்வுட் நிறுவனத்தார் உள்ளிட்ட 26 நிறுவனங்கள் தாங்களாகவே அரசிடம் சட்டம் வேண்டி விண்ணப்பித்தன. போட்டி நிலவுமளவும், தாங்கள் விரும்பினாலும் சிறுவரின் வேலை நேரத்தைத் தாமாகவே குறைக்க இயலாது என்பது அவர்கள் கூறிய காரணம். அடிமையைச் சகோதரன் என்று அறிவித்த பதக்கத்தை வெளியிட்ட நிறுவனமே, தன் வாசலில் நின்ற சிறுவனைத் தன் நற்பண்பினால் மட்டும் விடுவிக்க இயலவில்லை. பாவம் தனிமனித உள்ளத்தில் மட்டுமன்றி, சமுதாய அமைப்புகளிலும் குடிகொண்டுள்ளது என்று இறையியலார் கூறுவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அரிது. தட்டுகளின் ஒழுக்கம் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே திருத்த முயன்றது. அமைப்பைத் திருத்தச் சட்டம் தேவைப்பட்டது.

5. முயல்களின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தட்டுகளின் குரல் மாறியது. 1865இல் லூயி கேரல் தம் 'ஆலிஸ்' கதையில் வாட்ஸின் தேனீப் பாடலைக் கேலிப் பாடலாக்கினார். எல்லாரும் மனப்பாடம் செய்த ஒன்றையே கேலி செய்ய முடியும் என்பதும் உண்மை. கேட் கிரீனவே (1846-1901) வரைந்த பழங்கால உடையணிந்த பிள்ளைகளின் பாணி பரவியது. 1926இல் ஷெல்லி நிறுவனம் மேபல் லூசி அட்வெல்லின் படங்களையும், 1934இல் ராயல் டௌல்டன் நிறுவனம் 'பனிகின்ஸ்' என்னும் முயல் குடும்பப் படங்களையும், 1949இல் வெட்ஜ்வுட் நிறுவனம் பியாட்ரிக்ஸ் பாட்டரின் பீட்டர் முயலையும் சிறுவர் கலங்களில் வெளியிட்டன.

பனிகின்ஸ் படங்களை முதலில் வரைந்தவர் பார்பரா வெர்னன் என்னும் கத்தோலிக்கக் கன்னித் துறவி என்பது நமக்குச் சுவையான செய்தி. தொழிற்சாலை மேலாளரின் மகளான அவர், மடத்துப் பணிகளுக்கிடையே அவற்றை வரைந்தார். துறவி வரைந்த தட்டில் வசனம் இல்லை, எச்சரிக்கை இல்லை. முயல்கள் விளையாடுகின்றன, அவ்வளவே. போதகர்கள் திருத்த வேண்டியவனாகக் கண்ட குழந்தையை, இத்துறவி மகிழ்விக்க வேண்டியவனாகக் கண்டார். இரண்டில் எது நற்செய்திக்கு அண்மையது என்பதை வாசகர் சிந்திப்பாராக.

6. சேகரிப்போரிடம் கற்கவேண்டியது

பழம்பொருள் சேகரிப்பைச் செல்வரின் பொழுதுபோக்கென்று நாம் ஒதுக்கிவிடுவதுண்டு. ஆனால் நல்ல சேகரிப்பாளர் ஒருவர் கலத்தைக் கையாளும் முறையில் வரலாற்று மாணவனுக்குப் பாடம் உண்டு. அவர் முதலில் கலத்தைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்க்கிறார். சாய்சதுர முத்திரை இருப்பின் அவ்வடிவம் 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவு செய்யப்பட்டது. 1884 முதல் பதிவு எண் மட்டுமே காணப்படும். 'இங்கிலாந்து' என்ற சொல் இருப்பின், அமெரிக்க இறக்குமதிச் சட்டத்தின் காரணமாக 1891க்குப் பிற்பட்டதாக இருத்தல் கூடும். அடிவளையத்தில் மெருகு நீலமாகத் தேங்கியிருந்தால் அது பழைய வகை. படத்தின் எழுத்துப்பிழைகளையும், கரண்டிக் கீறல்களையும் அவர் குறையென்று கருதுவதில்லை. கீறல் இருந்தால், அத்தட்டில் ஒரு குழந்தை உண்மையாகவே உண்டது என்பது பொருள்.

மேற்புறத்தை மட்டும் நோக்காமல் பின்புறத்தையும் நோக்குதல், உரையை மட்டும் கேளாமல் பயன்பட்ட விதத்தையும் கேட்டல் ஆகிய இவ்விரண்டும் திருமறை ஆய்விற்கும் சபை வரலாற்று ஆய்விற்கும் பொருந்தும். லாங்டனிலுள்ள கிளாட்ஸ்டன் மட்பாண்ட அருங்காட்சியகத்தில் புட்டி வடிவச் சூளைகள் பாதுகாக்கப்பட்டுள்ளன. அங்கே நின்று பார்ப்பவனுக்குக் கண்ணாடி அலமாரியின் தட்டு வேறுவிதமாகத் தோன்றும்.

முடிவுரை

சண்டர்லாந்துப் பீங்கானில் பெரிய கண்ணின்கீழ் எழுதப்பட்ட வசனத்திற்குத் திரும்புவோம். அது வீட்டுச் சுவரிலிருந்து குழந்தையிடம் கூறியது: நீ இரகசியமாகச் செய்யும் தவற்றைக் கடவுள் கவனித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில் அவ்வார்த்தையைக் கூறியவள் யார்? ஆகார், எகிப்திய அடிமைப்பெண், எசமானியின் கொடுமை தாளாமல் வனாந்தரத்திற்கு ஓடியவள். தன்னை எவரும் மனுஷியாகக் காணாதபோது கடவுள் கண்டார் என்பதால், அவள் கடவுளுக்கே அப்பெயரை இட்டாள். ஒடுக்கப்பட்டவளின் ஆறுதலாகப் பிறந்த வார்த்தை, பிள்ளைகளை அடக்கும் கண்காணிப்பாக மாறியது. வசனம் ஒன்றே, அதைக் கையாண்டவர்களின் இடம் வேறு.

ஆகாரின் இடத்திலிருந்து வாசித்தால், அவ்வசனம் தட்டில் உண்ட மேரியை மட்டுமன்றி, அத்தட்டைச் சுமந்து ஓடிய பெயரற்ற சிறுவனையும் குறிக்கின்றது. அவனைக் கடவுள் கண்டார். அவர் கண்டதை அவருடைய சபை காண ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் தாமதமாயிற்று. ஆண்டவர் ஒரு சிறு பிள்ளையை எடுத்துச் சீடரின் நடுவே நிறுத்தியபோது (மாற்கு 9:36), அப்பிள்ளைக்கு அவர் பாடம் சொல்லவில்லை. பிள்ளையைக் காட்டிச் சீடருக்கே பாடம் சொன்னார்.

இது பிறநாட்டார் குறையென்று நாம் ஆறுதலடைய வழியில்லை. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் உழைத்த சிறுவரைப்பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996இல். ஸ்டாஃபோர்ட்ஷயர் சட்டத்திற்கு 132 ஆண்டுகள் பின்னர். அதற்கு முந்திய ஆண்டுகளில் நம் பிரசங்கபீடங்களிலிருந்து அப்பிள்ளைகளுக்காக எத்தனை முறை குரல் எழுந்தது என்பதை ஒவ்வொரு சபையும் தன் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில் நாமும் பரிசுகள் வழங்குகிறோம். எவர்சில்வர் தட்டும் குவளையும் வசனம் பொறித்து அளிக்கிறோம். அது நல்ல வழக்கமே, விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் அடுத்த முறை அத்தகைய பரிசை ஒரு பிள்ளையின் கையில் கொடுக்குமுன், அவ்வம்மையார் செய்ததுபோல் அதை ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். பெறுபவரின் பெயர் முன்புறத்தில் இருக்கும். செய்தவரின் பெயரை நாம்தான் கேட்டறிய வேண்டும்.